உமையாள் பெயரில் அன்னதானம்

உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், கடலோரப் பட்டினம் ஒன்றில் சாத்தப்பன் என்று ஓர் உப்பு வணிகன் வாழ்ந்தான். அவன் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கோபப்படாமல் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

சாத்தப்பனின் தகப்பனார் முத்தையனுக்கு உப்பளமும் இருந்தது, ஆற்றங்கரையில் நல்ல நஞ்சையும் இருந்தது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் சாத்தப்பன், இளையவள் உமையாள். அந்த ஊர் வழக்கப்படி நிலமெல்லாம் மகனுக்கு. மகளுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. அதற்கு ஈடாக, அவள் உயிரோடு இருக்கும்வரை தைப்பொங்கல்தோறும் பிறந்த வீட்டுச் சீர் அவளைத் தேடிப் போக வேண்டும். வண்டி நிறையப் புதுநெல், கரும்பு, மஞ்சள்கொத்து, புதுப்பானை, ஒரு சேலை.

பார்க்கிறவர்களுக்கு அது அண்ணன் கொடுக்கிற பரிசு. உண்மையில் அது அவள் பங்கு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சாத்தப்பன் வைத்துக்கொள்ளவில்லை.

தகப்பனார் இருந்தவரை வண்டி தவறாமல் போயிற்று. அவர் கண் மூடியதும் சாத்தப்பனுக்குப் புகழ் ஆசை பிடித்தது. நாலு பேர் கூடும் இடத்தில் தன்னைத் தர்மவான் என்று சொல்ல வேண்டும். ஆனால் தன் களஞ்சியத்தில் ஒரு மரக்கால்கூடக் குறையக் கூடாது. என்ன செய்தான் தெரியுமா? தங்கைக்குப் போக வேண்டிய நெல்லின்மேல் கண் வைத்தான்.

முதல் பொங்கலுக்கு அந்த நெல்லைக் கோயிலுக்குக் கொடுத்து, உமையாள் பெயரில் ஒரு நந்தாவிளக்கு ஏற்றினான். பக்கத்து ஊரில் இருந்த தங்கைக்கு ஆள் அனுப்பி, இந்த வருஷம் சீருக்குப் பதில் விளக்கு, புண்ணியமெல்லாம் உனக்கே என்று சொல்லச் சொன்னான். உமையாள் வீட்டில் அப்போது நெல் இருந்தது. அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவள் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அடுத்த வருஷம் வண்டி கவிழ்ந்து, அவள் கணவன் நல்லான் இடுப்பொடிந்து படுத்துவிட்டான். உழ ஆளில்லை. நிலம் தரிசாகக் கிடந்தது. எண்ணெய் விற்க வருகிறவனிடம் உமையாள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். சேலை வேண்டாம், கரும்பு வேண்டாம், நெல் மட்டும் போதும் என்றாள். சாத்தப்பன் அந்த நெல்லைக் கொத்தர்களுக்குக் கூலியாக அளந்து, பெருவழியில் அவள் பெயரில் ஒரு சத்திரம் கட்டினான். புண்ணியமெல்லாம் உனக்கே என்று மறுபடியும் சொல்லி அனுப்பினான்.

அந்தப் புண்ணியம் அவளை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள். முன்பெல்லாம் நாழி அரிசி கேட்டால் அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். இப்போது அவள் முறத்தோடு போய் நின்றால் சிரித்தார்கள். சத்திரம் கட்டின மகராசி எங்களிடம் அரிசி கேட்டுக் கேலி செய்கிறாளே என்றார்கள். பெயர் ஊரெல்லாம் மணத்தது, அவள் வீட்டில் உலை ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளைக் குறை சொல்ல மாட்டேன். சத்திரத்து வாசலில் கல்லில் வெட்டியிருந்த பெயரை அவர்களும்தானே பார்த்தார்கள்!

மூன்றாவது பொங்கலும் வந்தது. சாத்தப்பன் அதே சத்திரத்தில் அன்னதானம் வைத்தான். உமையாள் பெயரில் ஊர் ஊராகப் பறை அறைவித்தான். இலையில் கை வைக்கும் முன் ஒவ்வொருவரும் 'உமையாள் வாழ்க' என்று சொல்ல வேண்டும் என்று கட்டளையும் போட்டான்.

பறைச் சத்தம் உமையாள் வீட்டு வாசலுக்கும் வந்தது. இரண்டு நாளாகப் பிள்ளைகள் கீரைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தன. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு பெண்பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். பந்தியில் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. சின்னவள் தாயைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, நாமளும் உன் பேரைச் சொல்லித்தான் சாப்பிடணுமா?"

உமையாள், பிள்ளை பசித்திருக்கிறதே என்று, தன்னைத் தானே வாழ்த்த வாய் திறந்தாள். அதற்குள் மேற்பார்வை பார்த்துவந்த சாத்தப்பன் அவளைக் கண்டுகொண்டான். அவனுக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டும் இல்லையா? பதறியது. தங்கை பசித்து வந்தாளே என்று அல்ல, யாராவது பார்த்துவிடுவார்களே என்று.

"என் மானத்தை வாங்கவா வந்தே? எந்திரி" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

பிறத்தியான் வீட்டுப் பந்தியில்கூட இலையில் சோறு விழுந்தபின் ஒருவரை எழுப்ப மாட்டார்கள். இவன் எழுப்பினான். அவள் பங்கு நெல்லில் வடித்த சோற்றின் முன்னாலிருந்து அவளையே எழுப்பினான். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தவனையாவது மன்னிக்கலாம். இவனை எதில் சேர்ப்பது?

உமையாள் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். வெளியே சத்திரத்துக் கிழவி ஒருத்தி, யாரோ விட்டுவிட்டுப் போன ஆண்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் தன் பங்குக் கஞ்சியை அந்தப் பெண்பிள்ளைகளுக்கு ஊற்றினாள்.

அந்த வைகாசியில், நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்த சாத்தப்பனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. பெயர் சூட்டும் நாளுக்குப் பந்தல் போட்டான், சுற்றத்தையெல்லாம் கூட்டினான். ஆனால் அந்தக் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் காதில் அத்தைதான் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். அத்தை சொல்லாத பெயர் பெயராகாது, பெயரில்லாத பிள்ளைக்குக் குலத்தில் இடமில்லை. சாத்தப்பனுக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் பல்லக்கு அனுப்பினான்.

உமையாள் பல்லக்கில் ஏறவில்லை. நடந்தே வந்தாள். பந்தலுக்கு வெளியே நின்றாள்.

"உள்ள வா தங்கச்சி, நேரமாகுது. அப்பா பேரைச் சொல்லு" என்றான் சாத்தப்பன்.

"நேத்தே சொல்லிட்டேண்ணே. சத்திரத்துல கிடக்கிற அநாதைப் பிள்ளை காதுல, உன் மகனுக்குப் பதிலா, முத்தையன்னு மூணு தரம் சொன்னேன். புண்ணியமெல்லாம் உன் மகனுக்கே."

சாத்தப்பனுக்கு முகம் கறுத்தது.

"உனக்குப் பைத்தியமா? எவன் பிள்ளை காதுலயோ சொன்னா என் பிள்ளைக்கு எப்படிச் சேரும்?"

"சேராதுல்ல?" என்றாள் உமையாள். "மூணு வருசமா எனக்கும் அப்படித்தான் சேரல."

சுற்றத்தார் தரையைப் பார்த்தார்கள். அவர்களும் அந்த அன்னதானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, வயிறு நிறைய உண்டு, வாய் நிறைய வாழ்த்தியவர்கள்தானே! சாத்தப்பன் கத்தினான், குலப்பெருமை பேசினான், கடைசியில் கெஞ்சினான். உமையாள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தொட்டிலருகில் இருந்த அவன் மனைவிதான் வாய் திறந்தாள்.

"முதல்ல வண்டியைப் பூட்டச் சொல்லுங்க. மூணு வண்டி."

களஞ்சியம் திறந்தது. மூன்று வண்டி நெல் தெருவில் இறங்கி நல்லானின் ஊரைப் பார்த்துப் போயிற்று. கடைசி வண்டி தெருமுனை திரும்பும்வரை உமையாள் வெயிலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே வந்து, பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அது என்ன பாவம் செய்தது? அதன் காதில் முத்தையன், முத்தையன், முத்தையன் என்று வாய் நிறையச் சொன்னாள்.

சாத்தப்பன் திருந்தினானா என்று கேட்பீர்கள். இல்லை. அதன்பிறகு ஒவ்வொரு தைக்கும் வண்டி போனது, ஊர் வாய்க்குப் பயந்து போனது. போகட்டும். பயத்தில் வந்த நெல்லும் பானையில் பொங்கத்தான் செய்யும்.

தர்மம் செய்யாதே என்று நான் சொல்லவில்லை, உன் களஞ்சியத்திலிருந்து தாராளமாகச் செய். ஆனால் ஒருவருக்குச் சேர வேண்டியதை அவர் கையில் கொடுக்காமல், அவர் பெயரைச் சொல்லி ஊருக்குக் கொடுப்பது தர்மமல்ல, திருட்டு.