பச்சை மையும் பச்சைத் தரையும்

தாராபுரத்துப் பக்கம் ஓர் ஊரில் சமுதாயக்கூடம் கட்டினார்கள். தண்ணீர் போல ஓடி மட்டம் பிடிக்கிற கலவையைத் தரையில் ஊற்றி ஏழு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் பெரிய இன்ஜினீயர் தெய்வசிகாமணி ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்.

"நாளைக்கே டைல்ஸ் ஒட்டணும். திறப்பு விழாவுக்குத் தேதி குறிச்சாச்சு."

டைல்ஸ் ஒட்டும் பூவாயி தரையைத் தொட்டுப் பார்த்தாள். "மேலாலதானுங்க காஞ்சிருக்குது. உள்ளே இன்னும் பச்சையா இருக்குது. இப்ப ஒட்டுனா பேந்துக்குமுங்க."

"காஞ்சிருச்சுன்னு நான் சொல்றேன். முடியாதுன்னா கிளம்பு, வேற ஆள் வரும்."

"அப்படீன்னா அதையே எழுதிக் குடுத்துருங்க, ஐயா."

அவர் பச்சை மைப் பேனாவைத் திறந்து, 'தரை காய்ந்துவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பச்சை மைக்கு அப்பீலே கிடையாது, தெரிஞ்சுக்கோ!"

பூவாயி அந்தத் தாளைத் தரையில் வைத்து, மேலே பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டினாள். "காலையில பிரிச்சுப் பாத்துட்டு வேலையை ஆரம்பிக்கறேனுங்க."

காலையில் அவர் முன்னாலேயே பிரித்தால், விரிப்பின் அடியில் முத்து முத்தாய் நீர். எழுத்தும் கையெழுத்தும் கரைந்து, தாள் பச்சைக் குழம்பாய்க் கிடந்தது.

"தரை அப்பீல் பண்ணிருச்சுங்க, ஐயா," என்றாள் பூவாயி.

விழா தள்ளிப்போனது. ஜன்னல்களைத் திறந்து வைத்துத் தரையை ஆறவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து இன்ஜினீயரே ஒரு தாளோடு வந்தார். அதில், 'தரை காய்ந்துவிட்டதா?' என்று எழுதியிருந்தார்.

அதையும் விரிப்புக்கு அடியில் வைத்து ஒட்டினார்கள். மறுநாள் காலை தாள் மொடமொடவென்று இருந்தது. பச்சை மை ஒரு புள்ளிகூடக் கசியவில்லை.

"இப்ப அப்பீல் இல்லீங்க, ஐயா," என்று பூவாயி முதல் டைல்ஸைக் கையில் எடுத்தாள்.