நாலு பேர் துப்பறிந்த வாட்ச்

இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எங்கள் துறையில் எல்லாமே ரகசியம்.

என் பேர் மாசானம். எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, உளவு, குற்றப் புலனாய்வு என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அந்தத் துறைக்கு நான் அட்டெண்டர். பேராசிரியர் அருமைநாயகம் சார், போலீசில் டி.எஸ்.பி.யாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் படிப்பை ஆரம்பிக்கச் சொல்லி அவர் மூன்று வருடம் மாடிப்படி ஏறி இறங்கியதில் முட்டி தேய்ந்துபோனது. படிப்பு வந்தது. கூடவே முதல் செட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள்.

உளவு பார்க்கிற இடம் வெளியே தெரியக் கூடாது என்று முதல் வகுப்பில் சார் சொன்னார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால், துறையின் பெயர்ப்பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி மாட்டியிருக்கிறது. சேர வந்த மற்ற பிள்ளைகள் ஒரு வாரம் தேடி அலைந்துவிட்டு வணிகவியலில் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது பலகையைத் திருப்பி மாட்டிய நாலு பேர்தான்.

ஞானதுரை, தலைவன் மாதிரி. எதையும் நோட்டில் எழுதாமல் நம்ப மாட்டான். பேச்சித்தாய், சட்டம் பேசுவாள். கொம்பையா, கேள்வி கேட்பான். சுடலைக்கண்ணு, விடுதிச் சாப்பாட்டைக் குறை சொல்லாத ஒரே மாணவன், ஆள் நல்ல கனம். நாலும் தங்கமான பிள்ளைகள். சொன்ன சொல் தட்ட மாட்டார்கள். அதுதான் தலைவலியே.

ஒருநாள் பின்தொடர்வது எப்படி என்று பாடம் நடந்தது. "சந்தேக ஆளை அவன் நிழல் மாதிரி தொடரணும். நிழல் செய்யிறதைத்தான் நீங்களும் செய்யணும்" என்றார் சார். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே. சனிக்கிழமை மாசானத்துக்கு லீவு, அவனைத் தொடருங்கள் என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

காலை எட்டு மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினேன். காலை வெயிலில் நிழல் நீளம் அல்லவா, பிள்ளைகள் இருபதடி தள்ளி வந்தார்கள். ஞானதுரை டேப் வைத்து அளந்துகொண்டே வந்தான். பத்தரை மணிக்கு ஐந்தடிக்கு வந்துவிட்டார்கள். உச்சி வெயிலில் நான் குனிந்து சாளை மீன் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், நாலு பேரும் என் காலடியில் சுருண்டு படுத்திருக்கிறார்கள். யார் அண்ணாச்சி இதெல்லாம் என்று மீன்காரம்மா கேட்டாள். நம்ம ஆபீஸ் பிள்ளைகள், படிக்கிறார்கள் என்றேன். அவள் இரண்டு மீன் கூடுதலாகப் போட்டாள், பரிதாபத்தில்.

அப்போது ஒரு மேகம் வந்து வெயிலை மறைத்தது. நாலு பேரும் எழுந்து, தூசியைத் தட்டிக்கொண்டு, நன்னாரி சர்பத் குடிக்கப் போய்விட்டார்கள். அந்த அரைமணி நேரத்தில் நான் ஒரு பாங்கைக் கொள்ளையடித்திருக்கலாம். எனக்குத் தோன்றாமல் போய்விட்டது. மறுபடி வெயில் அடித்ததும் ஓடி வந்து படுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுத்தார்கள். "12.40 முதல் 1.10 வரை மேகமூட்டம். நிழல் இல்லாத காரணத்தால் பணியும் இல்லை" என்று எழுதியிருந்தது. சார் இரண்டு தடவை படித்தார். அளவெல்லாம் சரியாக எடுத்திருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அவர் மனசு அப்படி.

இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது. கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒருவர் வருவார், நாலு பேரும் சேர்ந்து செய்யும் அந்தத் தேர்வில் தேறாவிட்டால் படிப்பையே மூடிவிடுவோம் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். அன்றைக்குச் சார் டீயைக் குடிக்கவில்லை. என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாசானம், முப்பத்திமூணு வருஷம் கள்ளனைப் பிடிச்சிருக்கேன். எதுக்கும் பயந்ததில்லை. இந்த நாலு பேரை நெனைச்சாத்தான் பயமா இருக்கு."

நல்லபடியாக நடக்கும் சார் என்றேன். பொய்தான், வேறென்ன சொல்ல?

மெட்ராஸிலிருந்து வந்தவர் புருஷோத்தமன் என்று ஒரு பெரியவர். உளவுத் துறையில் இருபத்தெட்டு வருடம் இருந்தவராம். சிரிக்கிற வழக்கமே இல்லை. அவர் போட்ட திட்டம் இதுதான். எங்கள் துறையில் மாதிரி வீடு என்று ஓர் அறை உண்டு. கட்டில், அலமாரி, அடுப்பங்கரை எல்லாம் இருக்கும். அதற்குள் ஒரு கைக்கடிகாரத்தை ஒளித்து வைக்க வேண்டும். வாட்ச் எங்கே, அதை எடுத்தவர் யார் என்று பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு லேசாக இருக்கட்டும் என்று சார் தன் வாட்சையே கொடுத்தார். அவரே திருடனாகவும் இருக்கச் சம்மதித்தார். அது அவர் ஓய்வு பெற்ற அன்று ஸ்டேஷன் போலீஸ்காரர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. தினமும் சரியாகப் பன்னிரண்டுக்குப் பீப் பீப் என்று அடிக்கும், சார் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்வார். அரிசி டப்பாவில் வாட்சைப் புதைத்து, டப்பா முழுக்கத் தன் கைரேகையை நன்றாக அப்பிவிட்டு வந்தார். புருஷோத்தமன் விடையை எழுதி உறையில் போட்டு ஒட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்னை வாசலில் நிறுத்தி, பரீட்சை முடியும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது என்று புருஷோத்தமன் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். சார் அவர்கள் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டு, பாடத்தை ஒருமுறை ஞாபகப்படுத்தினார். "சம்பவ இடத்தில எதையும் தொடாதீங்க. எல்லாரையும் சந்தேகப்படுங்க, என்னையும் சேர்த்து. சந்தேகப்படுற ஆள்கிட்ட விசாரணையைப் பத்தி மூச்சு விடக் கூடாது. தடயம் கிடைச்சா உறையில போட்டு சீல் வச்சு, உடம்பை விட்டுப் பிரியாம வச்சுக்கணும்." சொல்லிவிட்டு அவரும் புருஷோத்தமனும் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தார்கள்.

கதவைத் திறந்து வைத்திருந்தேன். பிள்ளைகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"தரையும் சம்பவ இடந்தானே?" என்று கேட்டான் கொம்பையா.

"ஆமா. காலால மிதிச்சாலும் தொடுறதுதான்" என்றாள் பேச்சித்தாய்.

பரீட்சை ஓடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள். கடைசியில் பேச்சித்தாய்தான் வழி கண்டாள். மாசானம் அண்ணாச்சி புலனாய்வு அதிகாரி இல்லை, அவர் மிதிக்கலாம், அவரை எதுவும் கட்டுப்படுத்தாது என்றாள். என் வாய்க்குத்தான் பூட்டு, முதுகுக்கு இல்லையே. அவளை மட்டும் ஆபீஸ் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஞானதுரையையும் கொம்பையாவையும் முதுகில் உப்பு மூட்டை தூக்கி, நேற்றைய பேப்பரை விரித்து அதன்மேல் இறக்கினேன். பேப்பர் சம்பவ இடத்தைச் சேர்ந்ததல்ல என்று ஞானதுரை நோட்டில் எழுதிக்கொண்டான்.

நாலாவது சுடலைக்கண்ணு. சொன்னேனே, கனம். அடுப்பங்கரை வரைக்கும் கொண்டுபோய்விட்டேன், அங்கே என் கால் மடங்கிவிட்டது. அவன் தோள் அலமாரியில் இடித்து, அரிசி டப்பா கீழே விழுந்து, அரிசியெல்லாம் கொட்டி, அதன் நடுவில் வாட்ச் பளபளவென்று கிடந்தது. அப்போது மணி பத்து இருபது. இவ்வளவு சீக்கிரம் எந்தப் போலீசும் கண்டுபிடித்திருக்காது. எனக்கு ஓடிப்போய்ச் சாரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞானதுரை பேப்பரில் நின்றபடியே எட்டி, இடுக்கியால் வாட்சை எடுத்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு வைத்தான். உடம்பை விட்டுப் பிரியக் கூடாது அல்லவா, உறையோடு மணிக்கட்டில் கட்டி முழுக்கைச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"சார்கிட்ட போய்ச் சொல்லிருவோமா?" என்றான் சுடலைக்கண்ணு.

"சந்தேக லிஸ்ட்ல சார் மூணாவது ஆளுலே" என்றான் ஞானதுரை. "அவருகிட்ட மூச்சு விடக் கூடாது."

"அப்ப மெட்ராஸ்காரர்கிட்ட?"

"அவரு வந்த அன்னைக்குத்தான் திருட்டே நடந்திருக்கு. நல்லா யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தார்கள். எல்லாரையும் சந்தேகப்படு என்றால் நம்மையும்தானே என்று கொம்பையா ஒரு கேள்வி போட்டான். நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான் என்று பட்டது. அந்த நிமிஷத்திலிருந்து அவர்களுக்குள்ளும் பேச்சு நின்றுவிட்டது. நாலு பேரும் சேர்ந்து பார்த்த வாட்சை, நாலு பேரும் மற்ற மூவரிடமிருந்து மறைத்து, ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். நான் வாசலில் நின்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்றரைக்குப் புருஷோத்தமன் எட்டிப் பார்த்தார். சாரும் பின்னாலேயே வந்தார். அரிசி சிந்திக் கிடப்பதைப் பார்த்ததும் சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வாட்ச் கிடைத்ததா என்று புருஷோத்தமன் கேட்டார். ஞானதுரை எழுந்து நின்று, அதைச் சொல்வதற்கில்லை சார் என்றான். கிடைக்கவில்லையா என்று கேட்டார். அதையும் சொல்வதற்கில்லை என்றாள் பேச்சித்தாய்.

"சரிப்பா, இன்னும் எவ்வளவு நேரம் இருக்குன்னாவது தெரியுமா? மணி என்ன?"

ஞானதுரை சட்டைக் கையை லேசாக விலக்கி, உள்ளே பார்த்து, மறுபடி மூடிக்கொண்டான். "தெரியும் சார். சொல்லத்தான் அனுமதி இல்ல."

புருஷோத்தமன் பேனாவைத் திறந்தார். சாருக்கு வியர்த்துக் கொட்டியது. வாயைத் திறந்து சொல்லுங்கடா, என் கண்ணுகளா, உங்களுக்காக இல்லாவிட்டாலும் எனக்காகச் சொல்லுங்கடா என்று கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச ஞானதுரை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். பிறகு நான் எட்டிப் பார்த்தேன். "மூன்றாவது நபர் தகவல் அறிய மிகவும் துடிக்கிறார்" என்று எழுதியிருந்தது. இப்படியே அரைமணி நேரம் போனது. சார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது என்று எனக்கே பட்டுவிட்டது.

மணி பன்னிரண்டு. ஞானதுரையின் கை பீப் பீப் என்று அடித்தது.

கொம்பையா இருமினான். பேச்சித்தாயும் இருமினாள். சுடலைக்கண்ணு இருமிக்கொண்டே தும்மவும் செய்தான். ஞானதுரை தன் கையை அக்குளில் வைத்து அமுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். அந்தக் கை விடாமல் அடித்தது.

சார் துள்ளி எழுந்தார். "அது என் வாட்ச்தானே!"

சட்டென்று இருமல் நின்றது. நாலு பேரும் சாரையே பார்த்தார்கள்.

"உறையில போட்டு, சீல் வச்சு, சட்டைக்குள்ள மறைச்சு வச்சிருக்கோம்" என்றான் ஞானதுரை மெதுவாக. "கண்ணால பாக்காமலே இதுதான் அந்த வாட்சுன்னு ஒருத்தருக்குத் தெரியுதுன்னா, அவரு யாரு?"

"திருடினவர்" என்றாள் பேச்சித்தாய்.

கொம்பையா ஒரு பக்கம், சுடலைக்கண்ணு ஒரு பக்கம், சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மன்னிச்சுக்குங்க சார் என்று சுடலைக்கண்ணு அழுதான். அவனுக்குச் சார் என்றால் உயிர்.

புருஷோத்தமன் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துக் கிழித்தார். உள்ளே இரண்டே வரி. வாட்ச் இருக்கும் இடம், அரிசி டப்பா. எடுத்தவர், அருமைநாயகம். அந்தத் தாளை எல்லாருக்கும் காட்டினார். தன் சர்வீசில் எத்தனையோ பேரிடம் ரகசியம் கொடுத்ததாகவும், கேட்காமலே கொட்டியவர்கள்தான் அதிகம் என்றும் சொன்னார். முழு மார்க் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, இப்போது நீ பேசலாம் என்றார். நான் டீ போடப் போய்விட்டேன்.

சார் சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. துறை பிழைத்தது, அது போதும். கடைசியில் ஞானதுரையிடம் வாட்சைக் கேட்டுக் கையை நீட்டினார். நிரூபணமான குற்றவாளியிடம் திருட்டுப் பொருளை ஒப்படைக்க வழி இல்லை என்று பேச்சித்தாய் சட்டத்தைச் சொன்னாள். அவர் சொல்லிக் கொடுத்த சட்டம்தான்.

ஜூன் மாதம் புது செட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். பெயர்ப்பலகையை நானே நேராகத் திருப்பி, இரண்டு ஆணி கூடுதலாக அடித்திருந்தேன். முதல் நாள் வகுப்புக்குச் சார் வந்தார். முதல் பெஞ்சில் ஞானதுரை, பேச்சித்தாய், கொம்பையா, சுடலைக்கண்ணு.

"ஏம்ப்பா, நீங்க பாஸ் ஆயிட்டீங்கல்லா?" என்றார் சார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

நாலு பேரும் சங்கடத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானதுரை எழுந்து மரியாதையாக நின்றான்.

"நீங்க சொன்னீங்க சார். ஆனா திருட்டுல மாட்டின ஆள் சொல்லுறதை மட்டும் நம்பிப் படிப்பை விட்டுட்டுப் போக முடியுமா? நீங்களே சொல்லுங்க."

சார் சாக்பீசை எடுத்துப் பாடத்தை ஆரம்பித்தார். பன்னிரண்டு மணிக்கு முதல் பெஞ்சில் ஒரு கை பீப் பீப் என்று அடித்தது. நாலு பேரும் இருமினார்கள். சார் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.