திருகும் ஏறியது

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடைக்கு மேல்மாடியில், பவுலின் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த கதிரேசனுக்கு அறுபத்தொன்று. ஐ.டி.ஐ.யில் இருபத்தேழு வருடம் எலக்ட்ரிக்கல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரிடம் படித்தவர்களில் பவுலினும் ஒருத்தி.

முதல் நாளே அவர் அவளை ‘நீங்க’ என்று கூப்பிட்டார். பழையபடி பேரைச் சொல்லியே கூப்பிடுங்கள் சார் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கற்றுக்கொள்ள வந்த இடத்தில் மரியாதையும் மாறத்தான் வேண்டும் என்றார். அப்படிச் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒருநாள் அவர் கேட்டார்.

“ஒரு லேப்டாப்புக்கு எந்த எஸ்.எஸ்.டி. சேரும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“அந்த லேப்டாப்பையே கேளுங்க சார்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. திறந்து பாருங்கள், கழற்றியதைப் புதியதோடு வைத்துப் பாருங்கள், அந்த மாடலுக்குக் கம்பெனி போட்டிருக்கும் குறிப்பைப் படியுங்கள், அப்போதும் தெரியவில்லை என்றால் என்னைக் கேளுங்கள் என்றாள். இவ்வளவுதானா என்று கதிரேசன் நினைத்துக்கொண்டார்.

பங்குனியில் பவுலின் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மூன்று நாள் மதுரைக்குப் போனாள். கடையை அவர் பார்த்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் சண்முகக்கனி வந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிற வேலை அவளுக்கு. கணவருக்கு இடுப்பில் அடிபட்டதிலிருந்து வீடு அந்த வேலையில்தான் ஓடியது. லேப்டாப் இருப்பதிலேயே மலிவான வகை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்துபோனது. இன்னொரு ஃபைல் தாமதமானால் ஆளை மாற்றிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

கதிரேசன் திறந்து பார்த்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு தகடு. எல்லாவற்றையும் சேமித்து வைக்கிற எஸ்.எஸ்.டி. அதுதான். அது சாகும் நிலையில் இருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தார். அதே நீளத்தில், இருப்பதிலேயே வேகமானதாக ஒன்று வேண்டும் என்று மதுரை வியாபாரிக்குப் போன் போட்டார். மறுநாள் அது பஸ்ஸில் வந்து சேர்ந்தது.

சண்முகக்கனி எதிரில் உட்கார்ந்திருக்க, புதியதைச் செருகினார். சரியாக உட்கார்ந்தது. திருகும் ஏறியது. ஆனால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நாலைந்து முறை கழற்றி மாட்டினார். பழையதைத் திரும்பப் போட்டார். அதுவும் இந்த முறை விழிக்கவில்லை.

பவுலினைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். அவள் பேர் திரையில் வந்தது. ஆஸ்பத்திரியில் இருப்பாள், எதற்குத் தொந்தரவு என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது காரணமில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. தான் பாடம் சொல்லிக்கொடுத்த பெண்ணிடம், ஒரு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருக்க, எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார்.

“மதர்போர்டு போயிருச்சும்மா,” என்றார்.

“வேற ஏதாச்சும் போட்டுப் பாக்க முடியுமா சார்?”

“இருபத்தேழு வருஷம் பாடம் நடத்தினவன் சொல்றேன்.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. லேப்டாப் இங்கேயே இருக்கட்டும், கொண்டுபோய் என்ன செய்ய என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பவுலின் திரும்பி வந்ததும் கதிரேசனே பேச்சை எடுத்தார். போர்டு போய்விட்டது என்று அந்தம்மாவிடம் சொன்னதையும், லேப்டாப்மேல் குற்றம் சொல்கிற மாதிரியே சொன்னார்.

“அளவு சரியா இருந்தது. திருகும் ஏறுச்சு. அப்புறம் ஏன் எடுக்கல?”

பவுலின் மேஜைக்குப் போனாள். பழைய தகட்டையும் புதிய தகட்டையும் எடுத்து, அவர் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“ஓரத்துல எத்தனை வெட்டு இருக்கு சார்?”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பழையதில் இரண்டு. புதியதில் ஒன்று.

அவள் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் அந்த மாடலுக்கான குறிப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினாள். எஸ்.எஸ்.டி.யில் சாட்டா என்கிற வகை மட்டும் என்று ஒரே வரியில் இருந்தது. அவர் வாங்கிப் போட்டது வேறு வகை. அதே இடத்தில் உட்காரும். ஆனால் அது பேசுவது இந்தப் போர்டுக்குப் புரியாது.

பிறகு அலமாரியிலிருந்து இரண்டு வெட்டு உள்ள ஒரு தகட்டை எடுத்து மாட்டினாள். லேப்டாப் உடனே அதைக் காட்டியது. விண்டோஸ் ஏறி முடிய அரைமணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கதிரேசன் உள்ளங்கையை மூடவில்லை. ஒரு நாள் முழுக்க அந்தப் பழைய தகடு அவர் மேஜைமேல்தான் கிடந்தது. ஒருமுறைகூட அதைப் புதியதோடு வைத்துப் பார்க்கவில்லை.

கடைசியில் அவர் மெதுவாகச் சொன்னார், போர்டைச் சரிபண்ணிவிட்டோம் என்று அந்தம்மாவுக்குப் போன் போட்டுவிடலாம் என்று.

பவுலின் அவரைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பையில் போட்டாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

“வாங்க சார்.”

சண்முகக்கனியின் வீடு தண்ணீர்த் தொட்டித் தெருவில் இருந்தது. உள்ளே கட்டிலில் கணவர் படுத்திருந்தார். பவுலின் லேப்டாப்பை முக்காலிமேல் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். உட்காரச் சொல்லியும் கதிரேசன் உட்காரவில்லை. சொல்ல வேண்டியது அவர்தான் என்று அவருக்குப் புரிந்தது.

“போர்டு நல்லாதாம்மா இருந்துச்சு. நான் தப்பானதை வாங்கிப் போட்டேன். ஏன் எடுக்கலன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லாம, போர்டு போச்சுன்னு சொல்லிட்டேன்.”

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக மூடினாள்.

நேற்று மாலையே கம்பெனிக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். லேப்டாப் போய்விட்டது, இனி முடியாது என்று. இன்று காலை அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். குரலில் கோபம் இல்லை.

“வேற கடையில காட்டலாம்னு இவுக சொன்னாக. நாந்தான் வேணாம்னேன். வாத்தியாரு, தெரியாமலா சொல்வாருன்னு.”

கதிரேசன் முக்காலி அருகில் வந்தார். கம்பெனிக்கு எழுதுகிறேன், தவறு என்னுடையது என்று என் பேரிலேயே எழுதித் தருகிறேன் என்றார். அவள் சரி என்றாள். அங்கேயே, அவளுடைய லேப்டாப்பிலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவர் அடித்தார். எனக்குத் தெரியவில்லை என்ற வரி வந்தபோது விரல் நின்றது. பிறகு அடித்தார். படித்துவிட்டு அவள் அனுப்பினாள். பதில் வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல்வரை வந்து, பார்த்துப் போங்க சார் என்றாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தச் சொன்னார்.

“அந்த வேலை திரும்பக் கிடைக்குமா?”

“தெரியாது சார்.”

அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் என்று அவர் கவனித்தார். இறங்கி, சாலை ஓரத்தில் நின்றார்.

“நாளையிலேர்ந்து நான் வரல பவுலின். இந்த முகத்தோட அங்க வந்து எப்படி உக்காருவேன்?”

கடைக்கு வந்த பிறகு அவர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். பவுலின் ஸ்கூட்டரை அணைத்தாள்.

“இத்தனை நாள் வந்துக்கிட்டிருந்த வாத்தியார் இனிமே வர வேண்டாம் சார்,” என்றாள். “தெரியலன்னு எழுதின நீங்க வாங்க.”