ஓரத்து அவரை

“மண்ணு எப்ப சாமி மறக்கும்?” என்று கேட்டார் பிச்சப்பிள்ளை.

சாமி என்றால் பெண் சாமியார். பாறைக் குன்றின் மேல் சின்ன மடம். சுற்றிலும் கல்தான், ஒரு பிடி மண் கிடையாது. சாமிக்குப் பிச்சப்பிள்ளையின் மகள் வயதுதான் இருக்கும். பெண்டாட்டி பூவாயி போன பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், அவர் தினமும் குன்றேறி வந்து மடத்தைப் பெருக்கிவிட்டுப் போவார்.

“எதை மறக்கணும் பெரியவரே?”

“நான் அடிச்ச களைக்கொல்லிய.”

மடியிலிருந்து ஒரு மண்கலயத்தை எடுத்து வைத்தார். உள்ளே சாம்பலில் புரட்டிய அவரை விதைகள். வெள்ளை விதை, ஓரம் மட்டும் சிவப்பு. மக்காச்சோளக் கொல்லையின் ஓரத்தில் பூவாயி வருஷா வருஷம் ஆடியில் ஊன்றி, தையில் விதைக்கு எடுத்து வைப்பாள். வேறு யாரிடமும் அந்த விதை கிடையாது.

“அந்த வருஷம் மழை ஏமாத்திருச்சு சாமி. ஒருக்கா மருந்தடிச்சேன், களை சாகல. ஈரமில்லாம அது வேலை செய்யாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஆத்திரத்துல மறுக்கா அடிக்கக் கெளம்பினேன். பூவாயிதான் ‘ஓரத்த மட்டும் விட்டுடுங்க, நான் கையால எடுத்துக்கறேன். நீங்களும் வந்து செத்த நேரம் பக்கத்துல உக்காருங்க’ன்னா. உக்காந்து புல்லு புடுங்க எனக்கு நேரமில்லைன்னேன். ஓரத்துக்கும் சேத்தே அடிச்சேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“கருகின கொடியப் பாத்துக்கிட்டே நின்னா. சோளம் அறுக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டா.”

மறு ஆடியில் கலயத்திலிருந்து பாதி விதையை எடுத்து அதே ஓரத்தில் ஊன்றினார். முளைத்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு இலை விட்டது. விதைக்குள் இருந்த சாப்பாடு தீர்ந்து, மண்ணை நம்பிப் பிழைக்க வேண்டிய நாள் வந்ததும், இலையோரம் மஞ்சளாகிக் காய்ந்து சுருண்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“காஞ்ச மண்ணுல மருந்து அப்படியே படுத்துக் கெடக்கும்” என்றார் சாமி. “மழை பேஞ்சு, எரு விழுந்து, மண்ணுக்குள்ள இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உசுருங்க தின்னாத்தான் கரையும்.”

“மாட்டயெல்லாம் வித்து எவ்வளவோ காலமாச்சு. எருவுக்கு எங்க போவேன்?”

“அப்ப காத்திருங்க.”

“மண்ணுக்குக் காத்திருந்தா விதை செத்துரும் சாமி! இந்த ஆடி தவறினா இது மொளைக்காது. அவ கைபட்டதுன்னு எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

சாமி எழுந்து போய், அடுப்படியில் கிடந்த கொட்டாங்குச்சிகளை அள்ளி வந்து அவர் முன்னால் வைத்தார். ஒரு பிடி தட்டைப்பயறும் கொடுத்தார்.

“அவரையத் தொடாதீங்க, கலயம் இங்கயே இருக்கட்டும். ஒவ்வொரு எடத்து மண்ணுலயும் இதப் போட்டுப் பாருங்க. இதுவும் அவரை மாதிரிதான், சோளத்துக்கு அடிக்கற மருந்தத் தாங்காது.”

பிச்சப்பிள்ளை தன் கொல்லை மண்ணை எடுத்தார். தம்பி கொல்லை மண்ணை எடுத்தார். கொல்லைத் தண்ணீர் வடிகிற ஏரிக்கரை மண்ணையும் விடவில்லை.

“கொல்லையப் போட்டுட்டுக் கொட்டாங்குச்சியில வெள்ளாமையா?” என்று தம்பி சிரித்தான்.

வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் போன் போட்டார். “இங்கயும் சோளந்தாம்ப்பா. அதே மருந்துதான்” என்றாள்.

எல்லாக் கொட்டாங்குச்சியிலும் பயறு முளைத்தது. எல்லாவற்றிலும் ஓரம் மஞ்சளானது.

ஆடி பிறந்தது. அவருக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. விதை இனி பிழைக்காது என்று பூவாயியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டுமென்று இடுகாட்டுக்குப் போனார். பால் தெளித்த அன்றைக்குப் பிறகு அங்கே போக அவருக்கு மனசு வந்ததே இல்லை.

மண்மேட்டைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. புல்லும் பூண்டும் மண்டிக் கிடந்தன. நடுவில் தட்டைப்பயறு கொடியோடியிருந்தது.

பால் தெளித்த அன்று நவதானியம் தூவியது அவர் கைதான். கண்ணீரில் எது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. அதிலிருந்த பயறு முளைத்து, காய்த்து, வெடித்து, கோடை மழைக்குத் திரும்பவும் முளைத்திருக்கிறது. ஓர் இலையை நிமிர்த்தி ஓரத்தைப் பார்த்தார். இன்னோர் இலையைப் பார்த்தார். எங்கும் மஞ்சள் இல்லை.

அப்படியே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுநாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் கொட்டாங்குச்சியில் வைத்துக் குன்றேறினார்.

“எந்த மண்ணு?” என்று கேட்டார் சாமி.

“அவ தலைமாட்டு மண்ணு.”

சாமி அந்தப் பச்சை இலையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கலயத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

படியில் இறங்கப்போன பிச்சப்பிள்ளை திரும்பினார்.

“அங்க ஒரே களையாக் கெடக்கு சாமி. அவரைய மூடிரும். என்ன பண்றது?”

“அவங்க பக்கத்துல உக்காந்து, கையால எடுங்க.”