முதல் படி

“என்னால முடியலம்மா. அந்தப் பிள்ளையை வேற யார்கிட்டயாவது விட்டுடுங்க,” என்றார் குணசீலன்.

நாச்சியார் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எந்தப் பிள்ளை?”

“வள்ளிமயில்.”

செம்மண் காட்டின் ஓரத்தில் இருந்தது அந்தப் பள்ளி. நாச்சியார்தான் அதை நடத்தினார். அங்கே கணக்குக்குத் தனியாகப் புத்தகம் கிடையாது. எந்தக் காலத்தில் எது விளைகிறதோ அதுதான் கணக்கு. நுங்குக் காலத்தில் மூன்றாம் வாய்ப்பாடு. மாம்பழக் காலத்தில் பின்னம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் கணக்கைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

இப்போது கடலைக் காலம்.

குணசீலன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்திருந்தார். நாச்சியாருக்கு அவருடைய மூத்த மகளின் வயது. ஆனாலும் அம்மா என்றுதான் கூப்பிடுவார். நாச்சியார் அவரை ஐயா என்பார்.

“என்ன பண்ணினா?”

“ஒரே தப்பு. அதையேதான் திரும்பத் திரும்பப் பண்றா.”

“சொல்லுங்க.”

“கடலையைப் படியில அளக்கணும். ஒவ்வொரு படிக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு கட்டம். முதல் படிக்கு ஒண்ணு, அடுத்ததுக்கு ரெண்டுன்னு தட்டிக்கிட்டே போகணும். எத்தனை கட்டத்துல எண் இருக்குன்னு பார்த்து அதுவே மொத்தத்தைச் சொல்லிடும். எல்லாப் பிள்ளைங்களும் செஞ்சிடுச்சு. இவ எட்டுப் படி அளந்தா. கம்ப்யூட்டர் ஏழுங்குது.”

“அளவு தப்பா?”

“அளவெல்லாம் சரி. தலை தட்டி அளக்கிறா, எனக்கே அப்படி வராது. ஆனா முதல் கட்டத்துல ஒண்ணுன்னு போட மாட்டேங்குறா. லாபம்னு போடுறா.”

நாச்சியாரின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அடுத்த கடலையை எடுத்தன.

வள்ளிமயிலின் அப்பா கடலை மண்டியில் அளவுக்காரர். அங்கே முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் இரண்டு, மூன்று. ஒன்று என்று சொன்னால் குவியல் அதோடு நின்றுவிடுமாம்.

“பொறுமையாச் சொல்லிப் பார்த்தீங்களா?”

“கெஞ்சியே பார்த்துட்டேன். ‘நீங்க சொல்வீங்க சார், உங்க வீட்டுக் கடலையா’ங்குறா.”

நாச்சியார் சிரித்தார். குணசீலன் சிரிக்கவில்லை.

“நேத்து கொஞ்சம் சத்தமாப் பேசிட்டேன். லாபம்னு ஒரு எண்ணே கிடையாதுன்னு சொல்லிட்டேன். எழுந்து வெளிய போனவதான். குவியல்கிட்ட உக்காந்திருக்கா. கூப்பிட்டாலும் வர்றதில்லை.”

“பசங்க அவளை லாபம்னே கூப்பிடுறாங்களாமே.”

“அதுவும் என்னாலதான்.”

“காலையில அவங்கம்மா வந்தாங்களே?”

“வந்தாங்க. சும்மா வெளிய உக்கார்றதுக்கு, நாளையிலருந்து என்கூடக் காட்டுல கடலை ஆய வரட்டும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.” அவர் குரல் இறங்கியது. “என்னால ஒரு பிள்ளை படிப்பு நிக்குதும்மா.”

நாச்சியார் கையிலிருந்த கடலையை உடைத்தார்.

“ஐயா, அந்தப் புரோகிராம் நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“அதுல முதல் கட்டத்துக்கு என்ன எண்?”

“பூஜ்யம்.”

“ஒண்ணு இல்லையா?”

“இல்லைம்மா. உள்ளுக்குள்ள அது பூஜ்யத்துலருந்துதான் எண்ணும்.”

“பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னா?”

“ஆமா.”

“மொதமொதல்ல பார்த்தப்ப அதுகூடச் சண்டை போட்டீங்களா?”

“அதுகூட என்ன சண்டை? அதோட வழக்கம் அது. நான் பழகிக்கிட்டேன்.”

“பழக ரொம்ப நாளாச்சோ?”

குணசீலன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நாச்சியார் மடியிலிருந்த தோலை உதறிவிட்டு எழுந்தார். மூலையில் கிடந்த கூடையையும் படியையும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

“சாயங்காலம் பிள்ளைங்களுக்கு வேக வைக்கணும். ரெண்டு படி அளந்துட்டு வாங்க.”

கடலைக் குவியல் வெளியே புங்க மரத்தடியில் கிடந்தது. பக்கத்தில் வள்ளிமயில், முழங்காலைக் கட்டிக்கொண்டு.

குணசீலன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படியைக் குவியலுக்குள் அமுக்கி எடுத்தார். உள்ளங்கையால் படியின் தலையைத் தட்டிச் சமன் செய்தார்.

அவள் அவர் கையைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தாள்.

நிறைந்த படி அவர் கையிலேயே இருந்தது. மண் வாசனை வந்தது. இரண்டு கடலை உருண்டு விழுந்தன.

“லாபம்,” என்றார் குணசீலன்.

கூடையில் கொட்டினார்.

மறுபடியும் அமுக்கினார். எடுத்தார். தட்டினார்.

“ரெண்டு,” என்றாள் வள்ளிமயில்.

குணசீலன் அதையும் கூடையில் கொட்டினார்.

“நேத்து தப்பு உன் மேல இல்லை, வள்ளி. கம்ப்யூட்டருக்கு அந்த வார்த்தை தெரியலை.”

“நீங்க ஏன் சொல்லித் தரலை?”

“எனக்கே தெரியாதே.”

அவள் யோசித்தாள்.

“சொல்லிக்குடுத்தா அதுக்குப் புரியுமா?”

“ஒரு தடவை சொன்னாப் போதும். அப்புறம் மறக்காது.”

“எங்க கிளாஸ் பசங்க மாதிரி இல்லை.”

“இல்லை. நீ வந்து சொல்லிக்கொடு.”

அவள் உடனே எழவில்லை. சிதறிய இரண்டு கடலையையும் பொறுக்கிக் குவியலில் போட்டாள். பிறகு பாவாடையைத் தட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் உள்ளே போனாள்.

நேற்று அவள் நிரப்பிய கட்டங்கள் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தன. அடியில், மொத்தம் ஏழு.

குணசீலன் தன் புரோகிராமைத் திறந்தார். அதில் ஒரு வரியைக் காலியாக விட்டார்.

“இங்க லாபம்னு தட்டு. பக்கத்துல, லாபம்னா எத்தனைன்னு போடணும்.”

அவள் லாபம் என்று தட்டினாள். அடுத்த விசைக்குப் போன விரல் பாதியில் நின்றது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே குவியல் தெரிந்தது.

“சார்.”

“ம்.”

“இதைத் தட்டினா கம்ப்யூட்டர் வாய் விட்டுச் சொல்லுமா?”

“சொல்லாது. அதுக்குள்ளயே வெச்சுக்கும்.”

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொண்டியும் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, எறும்பைத் தொடுவதுபோல ஒரு விசையைத் தொட்டாள்.

ஏழு மறைந்தது. எட்டு வந்தது.

குணசீலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரையில் விரலை வைத்து அந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டப் போனார்.

“லாபம் என்றால்—”

“சார்.”

வள்ளிமயில் உதட்டில் விரலை வைத்து, ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அவர் மீதியைப் படிக்கவில்லை.