கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை

பந்தல்மேட்டுக்கு வருகிற பஸ்ஸுக்கு ஊருக்குள் திரும்ப இடம் கிடையாது. வந்த வழியே ரிவர்ஸில்தான் போகும். அதனால் பந்தல்மேட்டுக்காரர்கள் வெளியூர் போகும்போது கடைசிவரை ஊரைப் பார்த்தபடியேதான் போவார்கள். அதற்குப் பெயர் ஊர்ப்பாசம் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் மலையை ஒட்டிய ஊர். எங்கே பார்த்தாலும் கல்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்ட பன்னீர் திராட்சை. திராட்சை விஷயத்தில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற விஷயங்களில் யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

அவர்களுடைய பழத்தை வாங்குகிற ஒயின் கம்பெனியிலிருந்து ஒருநாள் ஓர் அம்மா ஜீப்பில் வந்தார். உங்கள் பழம் கடைசியில் என்ன ஆகிறது என்று நீங்களே ருசி பார்த்துச் சொல்ல வேண்டாமா என்று கேட்டு, ஒரு பெட்டி நிறைய பாட்டில்களை இறக்கிவைத்தார். ருசி பார்க்கும் முறையையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். முதலில் ஒயினைப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் காற்றுப் பட விட வேண்டும். சுழற்ற வேண்டும். முகர வேண்டும். ஒரு வாய் வைத்து நாக்கெல்லாம் புரட்ட வேண்டும். விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். பிறகு மனதில் என்ன தோன்றுகிறதோ அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

'துப்பிவிட வேண்டும்' என்ற இடத்தில் மொக்கராசுவுக்குப் புல்லரித்துவிட்டது.

மொக்கராசு இருபது வருஷமாகத் திராட்சை வளர்க்கிறவன். அது ஒயினாக மாறி வந்தால் எப்படி இருக்கும் என்று பந்தலுக்கடியில் நின்று யோசித்து யோசித்து ஏங்கிப்போனவன். ஆனால் அவன் மனைவி விருமாயி, கல்யாணமான புதிதிலேயே கோயிலில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். ஒரு சொட்டுத் தொண்டைக்குக் கீழே இறங்கினாலும் போடியிலிருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பி வரமாட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவளுடைய அண்ணன் ஒருமுறை குடித்துவிட்டு, தன் வீடென்று நினைத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார். விடிந்து எழுந்திருப்பதற்குள் கோமாரி ஊசி போட்டுவிட்டார்கள்.

மொக்கராசுவுக்கு விருமாயி இல்லாமல் ஒருநாள் ஓடாது. இப்போது ஒயினும் வேண்டும். சத்தியம் தொண்டைக்குக் கீழேதானே, வாய் நம்முடையதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சன்னாசியோடும் ஜக்கையனோடும் சேர்ந்து 'பந்தல்மேடு ஒயின் ருசிப்போர் சங்கம்' ஆரம்பித்தான். சன்னாசி மூத்தவர், அதனால் தலைவர். ஜக்கையனிடம் சைக்கிள் இருந்தது, அதனால் செயலாளர். மொக்கராசு உறுப்பினர்கள்.

சங்கம் சன்னாசியின் மோட்டார் ரூமில் கூடியது. முதலில் ஒயினைப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்று அந்த அம்மா சொல்லவில்லையாதலால் மத்தியானம்வரை பார்த்தார்கள். ஜக்கையன் இமைத்துவிட்டான் என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தார்கள்.

அடுத்தது காற்று. அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. "காத்தே இல்லாத ஊர்ல எப்படிப்பா காத்துப் படவிடுறது?" என்று தலைவர் கவலைப்பட்டார். செயலாளர் போய் சைக்கிள் பம்பைக் கொண்டுவந்தான். பாட்டில் கழுத்தில் குழாயைச் செருகி இரண்டே அழுத்துதான். ஒயினுக்குக் காற்றுப் பட்டதோ இல்லையோ, தலைவரின் வெள்ளைச் சட்டைக்கு ஒயின் பட்டது. அன்றிலிருந்து அவர் அந்தச் சட்டையைச் சங்கச் சட்டை என்று வைத்துக்கொண்டார்.

சுழற்றும்போது கிளாஸ் சுழல வேண்டுமா ஆள் சுழல வேண்டுமா என்று சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சுழற்றினார்கள். ஜக்கையன் போய்க் கிணற்றடிச் சுவரில் மோதித்தான் நின்றான். பிறகு முகர்ந்தார்கள், புரட்டினார்கள், துப்பினார்கள். மனதில் தோன்றியதை ஒளிக்காமல் எழுதினார்கள். எழுதியது பஸ் நிறுத்தக் கரும்பலகையில்.

*சிவப்பு ஒயின். வாயில் வைத்ததும் என் மச்சினன் வாங்கிப்போன ஏணி ஞாபகம் வந்தது. இன்னும் தரவில்லை. - சன்னாசி, தலைவர்.*

*அதே ஒயின். ஊரணிப் பக்கம் ஒரு வெள்ளாடு தனியாக மேய்கிறதே, அது யாருடையது? - ஜக்கையன், செயலாளர்.*

சாயந்திரத்துக்குள் ஏணி வந்துசேர்ந்தது. ஆட்டுக்கும் ஆள் வந்தது. ஒயினுக்கு இவ்வளவு சக்தியா என்று ஊர் அசந்துபோனது. மொக்கராசு எழுதியதைத்தான் யாரும் மதிக்கவில்லை. *கவாத்து வெட்டிய மறுநாள் காலையில் பந்தலுக்குள் நின்றால் ஒரு ஈர வாசம் வருமே, அது கடைசியில் வந்தது* என்று அவன் எழுதியிருந்தான். இதில் என்ன சேதி இருக்கிறது என்று கேட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

ஒரே ஓர் ஆள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். விருமாயி.

மொக்கராசு வீட்டுக்கு வந்தபோது பரண்மேல் இருந்த அவளுடைய துணிப்பெட்டி கீழே இறங்கியிருந்தது. அவசர அவசரமாக விளக்கினான். முழுங்கவே இல்லை, சங்கத்துச் சட்டமே துப்புவதுதான் என்றான். விருமாயி நியாயமான பொம்பளை. துப்பியதாகச் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்றாள்.

கல்யாணத்துக்கு மொய்யாக வந்த கண்ணாடி டம்ளர்கள் இரண்டை எடுத்தாள். இரண்டிலும் ஒரே உயரத்தில் கண்மையால் கோடு போட்டாள். சங்கத்திலிருந்து ஒரு பாட்டிலை வரவழைத்து, ஒன்றில் கோடு வரைக்கும் ஒயினைத் தன் கையாலேயே ஊற்றினாள். அதை அவன் வாய் வாயாக ருசித்து மற்றதில் துப்ப வேண்டும். கோடு வரைக்கும் வந்துவிட்டால் பெட்டி பரணுக்கு. கோட்டுக்குக் கீழே நின்றால் பெட்டி போடிக்கு.

மொக்கராசு ரொம்பச் சிரத்தையாக ருசித்தான். ஒரு துளி தங்கக் கூடாதென்று கன்னத்தை உள்ளே இழுத்து, நாக்கை வழித்து, கடைசியில் தலையைக் கவிழ்த்துக் காத்திருந்து துப்பினான். பிறகு இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நின்றது.

மொக்கராசு சந்தோஷப்படப் போனான். விருமாயியின் முகம் கறுத்துவிட்டது.

"உள்ள போனது இம்புட்டு. வெளிய வந்தது இம்புட்டு. மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலையே ஆத்தா."

"எனக்குத் தெரியுது. ஏற்கெனவே வயித்துல இருந்திருக்கு. என்னைக்குக் குடிச்சதோ, இன்னைக்கு இதோட சேர்ந்து வந்துருச்சு."

மொக்கராசு மறுபடி குனிந்து டம்ளரைப் பார்த்தான். அவள் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியவில்லை. தான் எப்போது குடித்தோம் என்று அவனே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். நாளைச் சாயந்திரப் பஸ்ஸுக்குள் கோடு சரியாக வரவேண்டும், இல்லாவிட்டால் ஊரைப் பார்த்தபடியே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு விருமாயி சேலைகளை மடிக்க உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் சங்கம் அவசரமாகக் கூடியது. மொக்கராசு அழாத குறையாக நடந்ததைச் சொன்னான். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"ஏப்பா செயலாளரு, ஊத்துனது கோடு வரைக்கும். வந்தது கோட்டுக்கு மேல. நடுவுல என்ன இருந்துச்சு?"

"மொக்கராசு வாய் இருந்துச்சுண்ணே."

"அப்ப எங்க ஊறுது?"

ஜக்கையனுக்கு மெல்லப் புரிந்தது. போர்வெல் போடப் புள்ளி பார்க்கிறவரைப்போல மொக்கராசுவின் முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அடிநாக்குப் பக்கம் ஈரம் தெரிந்தது. ஊற்றுக்கண் அதுதான் என்று தலைவர் விரலால் தொட்டுக் காட்டினார். ஒரு வாய் ஒயின் விட்டால் ஒன்றேகால் வாய் கிடைக்கிறது. இப்படி ஒரு வாய் ஊரிலிருக்கும்போது எதற்குப் பந்தல், எதற்கு மருந்தடிப்பு, எதற்குக் கவாத்து என்று ஜக்கையன் கேட்டான். அதற்குள் அவசரப்பட்டுக் கொடியை வெட்டிவிடாதே, முதலில் சோதிப்போம் என்றார் தலைவர்.

வெறும் தண்ணீரை விட்டுப் பார்த்தார்கள். வாயில் ஊறுவது ஒயின் என்றால் தண்ணீர் சிவப்பாக வரவேண்டும். வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் அதிகமாக வந்தது.

"எதை விட்டாலும் அதுவே ஊறுது," என்றார் தலைவர், பயபக்தியோடு.

ஜக்கையன் எழுந்துபோய் மோட்டார் பக்கத்திலிருந்த டீசல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான். மொக்கராசு மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டான். ஊர் நன்மைக்குக்கூட ஒத்துழைக்காத ஆள் என்று செயலாளருக்கு அவன்மேல் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.

"என் வாயில என்ன ஊறுனா என்னண்ணே," என்றான் மொக்கராசு. "அவ போயிட்டா நான் யாருகிட்ட வாயைத் திறப்பேன்? கோட்டுக்கு இறக்குறதுக்கு வழி சொல்லுங்க."

தலைவர் இறங்கிவந்தார். மேலே நிற்கிறதை எடுத்துவிட்டால் கோடு சரியாகிவிடும், அவ்வளவுதானே. எடுத்ததை எங்கே ஊற்றுவது என்றுதான் கேள்வி. தரையில் ஊற்ற ஜக்கையனுக்கு மனசு வரவில்லை. மொக்கராசுவின் வாயில் ஊறியது, அவனைத் தவிர வேறு யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை என்றான்.

"அப்ப அவனே முழுங்கிற வேண்டியதுதான்," என்றார் தலைவர்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ண்ணே."

"எதை முழுங்க மாட்டேன்னு?"

"ஒயினை."

"யாரு ஒயினை? விருமாயி ஊத்துன ஒயினை. அதைக் கோடு வரைக்கும் பூராவும் திருப்பிக் குடுத்துருவ. மேல இருக்கிறது உன் சொந்த ஒயின். உன் வாயில ஊறுனதை முழுங்க மாட்டேன்னு நீ எந்தச் சாமிகிட்டயாவது சொன்னியா?"

மொக்கராசு நன்றாக யோசித்துப் பார்த்தான். அப்படி எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வர தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயந்திரம் விருமாயி பெட்டியையும் டம்ளர்களையும் எடுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்கே வந்துவிட்டாள். பஸ் வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. கோடு வரைக்கும் ஊற்றினாள். மொக்கராசு ருசித்தான், புரட்டினான், ஒரு கண்ணால் கோட்டைப் பார்த்தபடி தன் பங்கை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு மீதியைத் துப்பினான். விருமாயி மண்டிபோட்டு, கண்ணை டம்ளருக்கு நேரே வைத்துப் பார்த்தாள்.

மயிரிழை பிசகாமல் கோட்டில் நின்றது.

"சந்தேகப்பட்டுட்டேங்க," என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டி பரணுக்குப் போனது. பஸ் அவளில்லாமல் பின்னாலேயே போனது.

அதன்பிறகு மொக்கராசுவுக்கு நல்ல காலம். தினமும் மோட்டார் ரூமில் விருமாயி ஊற்ற, அவன் ருசிக்க, கோடு சரியாக வர, அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஒயின் பெட்டி காலியாவதைப் பார்த்துக் கம்பெனி அம்மா இன்னொரு பெட்டி அனுப்பினார். ஒயின் நன்றாக இருந்தால் வாயில் அதிகமாக ஊறும். அதிகமாக ஊறினால் அதிகமாக விழுங்க வேண்டும். ஒரே மூச்சில் பல பாட்டில் ருசிக்கிற நாட்களில் அவனுடைய சொந்த ஒயினே ஒரு சொம்பு தேறும் என்று ஜக்கையன் கணக்குப் போட்டான். மொக்கராசு எழுதுவதும் பெரிய அளவில் முன்னேறியது. *இந்த ஒயினுக்குப் பிறகு ஊரில் எல்லார்மேலும் பிரியமாக இருக்கிறது. டிரான்ஸ்பார்மர்மேலும்* என்று அவன் எழுதியதை, பஸ்ஸைத் தவறவிட்டு நின்று படித்தார்கள்.

ஒரே ஒரு குறை. ருசிபார்த்துவிட்டு வீட்டுக்கு வரும்போது அவன் நேராக வர முடியவில்லை. நடுத்தெருவில் ஆரம்பித்து இடப்பக்கச் சாக்கடையில் முடித்தான். மறுநாள் வலப்பக்க வேலியில். டிரான்ஸ்பார்மரிடம் நின்று வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்தான்.

விருமாயி தினமும் அவனைத் தூக்கி நிறுத்திச் சேற்றைக் கழுவிவிட்டாள். யோசிக்கவும் செய்தாள். கோடு சரியாக இருக்கிறது. அதைத் தன் கண்ணாலேயே பார்க்கிறாள். ஆக, புருஷன் குடிக்கவில்லை. குடிக்காத மனுஷன் ஏன் சாய்கிறான்? தெருதான் சரியில்லை. புதிதாகப் போட்ட சிமெண்டுத் தெரு. ஒருபக்கம் தூக்கி ஒருபக்கம் இறக்கிப் போட்டு, ஒரு நல்ல மனுஷனைத் தினமும் சாக்கடையில் தள்ளுகிறார்கள்.

பஞ்சாயத்தில் போய் நியாயம் கேட்டாள். தெருவைப் போட்ட கொத்தனார் தவசியை வரவழைத்தார்கள். அவர் வெளியூர்க்காரர். டியூபில் தண்ணீர் பிடித்து இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் நிற்க, தெரு முழுக்க மட்டம் பார்த்தார். சங்கம் பின்னாலேயே போனது. மொக்கராசுவும் போனான், அவன் மட்டும் வேலியோரமாகப் போனான்.

"தெரு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் தவசி. "இந்தா நிக்கிறாரே, இவருதான் சாஞ்சிருக்காரு. நல்லாப் போட்டிருக்காரு."

சன்னாசி சங்கச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். நேராக இருக்கிற மனுஷன் சாய்ந்தமாதிரியும், சாய்ந்த தெரு நேராக இருக்கிறமாதிரியும் யாருக்குத் தெரியும் என்று ஊரைப் பார்த்துக் கேட்டார். குடித்தவர்களுக்குத்தான் என்று ஊர் சொன்னது.

தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்றார்.

விருமாயி நியாயமான பொம்பளை. யாரையும் வாய்ப்பேச்சை வைத்துச் சந்தேகப்பட மாட்டாள். வீட்டுக்குப் போய்க் கழுவித் துடைத்த டம்ளரைக் கொண்டுவந்து ஊருக்கெல்லாம் கவிழ்த்துக் காட்டினாள். "உங்களுக்கு நாங்க ஒரு சொட்டுக்கூட ஊத்தலண்ணே," என்றாள். "எங்க, துப்புங்க."

இருந்த ஆத்திரத்துக்குத் தவசி அதில் காறித் துப்பினார்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஜக்கையன் உதட்டைப் பிதுக்கினான். தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மொக்கராசு வேலியைப் பிடித்தபடி, நல்ல தொழில்காரன் இப்படி வீணாய்ப் போகிறானே என்று உச்சுக்கொட்டினான். விருமாயி மட்டும் டம்ளரையும் தவசியையும் மாறிமாறிப் பார்த்து, ரொம்ப ஆதரவாகக் கேட்டாள்:

"உங்க வீட்டுல அண்ணி அளந்து பாக்குறதில்லையாண்ணே?"