களத்து மரம் வாங்கிக்கொண்ட பேர்

அந்தக் காலத்தில் மரமும் ஆடும் மனுசரோடு பேசும். மரங்களுக்குத் தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது. இரவும் பகலும் இலையை விரித்தபடியே நிற்கும்.

ஓர் ஊரில் தானியம் காயவைக்கிற களத்து ஓரமாகப் பெரிய மரம் ஒன்று நின்றது. அதற்குப் பேர் கிடையாது. களத்து மரம் என்பார்கள், அவ்வளவுதான். ஊர்க் கம்பு முழுக்க அந்தக் களத்தில்தான் காயும். வீட்டுக்கு ஓர் ஆள் முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். காவலில் தூங்கினால் அடி கிடையாது, பேர்தான். "தூங்குமூஞ்சி" என்று வைத்துவிடுவார்கள். அந்தப் பேர் பிள்ளைக்கும் போகும், பேரப்பிள்ளைக்கும் போகும்.

அன்றைக்குப் பவளாயி முறை. அவள் கைக்குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அது ராத்திரியெல்லாம் அழுகிற பிள்ளை. இவளும் கண் மூடி எத்தனையோ நாளாயிற்று. சொன்னால், "ஊர்ல யாரும் பெறாத பிள்ளையையா பெத்துட்டே?" என்பாள் நாத்தனார் ஒச்சம்மா. அதனால் சொல்வதில்லை.

பவளாயி மரக்கிளையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டாள்.

"ஏம்மா, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்று மரம் கேட்டது.

யாரும் அவளை அப்படிக் கேட்டதே இல்லை. அழுகை வந்துவிட்டது.

"செத்த நேரம் சாஞ்சுக்க. நான் பாத்துக்கிறேன்," என்றது மரம்.

வேரில் தலை வைத்தாள். ஈர மண் வாசம் அடித்தது. இலை வழியாகக் காற்று இறங்கி வந்து நெற்றியைத் தொட்டது. தூளியும் தானாக ஆடியது. அந்தச் சுகத்தில் உடம்பு கனம் இல்லாமல் போய், தூங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆடுகள் வந்தன. மரம் மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது. அவள் எழவில்லை. கிளையை உலுக்கியிருக்கலாம். ஆனால் தூளி அதில்தானே தொங்குகிறது? தாயும் பிள்ளையும் ஒரே மூச்சாகத் தூங்குவதைப் பார்த்த மரத்துக்கு மனசு வரவில்லை. ஆடுகள் வயிறு முட்டத் தின்றன.

ஒச்சம்மாவின் சத்தத்தில்தான் பவளாயி விழித்தாள். பின்னாலேயே ஊர்ச்சனமும் வந்துவிட்டது.

"ஏண்டி, கம்பு எங்கடி?"

"மதினி... அது..."

கிடாய் ஒன்று ஏப்பம் விட்டது. "தூங்குமூஞ்சி காவல் இருந்தா எங்களுக்கு விருந்துதானே!"

"யாருடா அது தூங்குமூஞ்சி?" என்றாள் ஒச்சம்மா.

பவளாயி தூளியைப் பார்த்தாள். பேர் வைக்காத பிள்ளை. அதற்கு முதல் பேர் இதுவாகவா இருக்கணும்? அவள் கை தானாக எழுந்து மரத்தைக் காட்டியது.

"இந்த மரந்தான். பாத்துக்கிறேன்னு சொல்லிட்டுத் தூங்கிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். "மரம் எங்கயாச்சும் தூங்குமாடி?"

அண்ணாந்து பார்த்தவர்கள் சிரிப்பு நின்றது. இலைகள் சோடி சோடியாக, கும்பிடுகிற கை மாதிரி மூடிக்கொண்டிருந்தன. நிழல் கலைந்து வெயில் உள்ளே விழுந்தது.

"அட, ஆமா! தூங்குமூஞ்சி மரம்!" என்று ஊர் கைகொட்டியது.

பவளாயியும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டாள். முகம் மட்டும் எரிந்தது.

மறுநாள் குடத்தில் தண்ணீரோடு வந்தவள் நிழலுக்குள் போகவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலிலேயே நின்றாள்.

"ஏம்மா, உள்ள வா. பிள்ளைக்குச் சுடுது," என்றது மரம்.

"உன் முகத்தைப் பார்க்கக் கூசுது. தூங்குனது நான். சொன்னதும் நான்."

"நானும் உன்னை எழுப்பலையே."

"ஊர்ல போய்ச் சொல்லிரட்டுமா?"

"சொன்னா அந்தப் பேர் பிள்ளைக்குப் போகும். எங்கிட்டயே இருக்கட்டும். எனக்கு அது கனமா இல்ல."

அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்தபடியே வேரில் தண்ணீரை ஊற்றினாள்.

"பார்க்கக் கூசுதுன்னா ஒண்ணு செய்யலாம்," என்றது மரம். "பகல்ல நிழலுக்கு வா. பொழுது சாஞ்சா நான் கண்ணை மூடிக்கிறேன். அப்போ வந்து தண்ணி ஊத்திட்டுப் போ. உன்னைப் பார்க்க மாட்டேன்."

அவள் சாகிற வரைக்கும் அந்தியில்தான் தண்ணீர் ஊற்றினாள்.

அன்றைக்கு மூடப் பழகிய இலையைத்தான் தூங்குமூஞ்சி மரம் இன்றைக்கும் அந்தி சாய்ந்ததும் மூடிக்கொள்கிறது. பகலில் அதன் நிழலில் தூளி கட்டிவிட்டு ஒரு தாய் கண் அசந்தாலும், அந்தப் பேர் அவளுக்கு வருவதில்லை. அதை மரம் முன்னமே வாங்கிக்கொண்டது.